64-க்கு 57: அயர்லாந்துல மக்கள் பேரைச் சொல்லி நடந்த சண்டை

1922 ஜனவரி 7, சனிக்கிழமை ராத்திரி. டப்ளின்ல எர்ல்ஸ்ஃபோர்ட் டெரஸ்ல இருந்த யுனிவர்சிட்டி காலேஜ் கட்டடத்துல அயர்லாந்தோட பார்லிமென்ட், அவங்க பாஷைல டாய்ல், கூடியிருக்கு. ஒவ்வொரு உறுப்பினர் பேரையும் கூப்பிட்டு ஓட்டு வாங்கறாங்க. பிரிட்டன் கூட போட்ட ஒப்பந்தத்துக்கு ஆதரவா 64, எதிரா 57. ஒப்பந்தத்தை எதிர்த்துத் தோத்துப்போன அரசுத் தலைவர் டி வலேரா எழுந்து, நாலு வருஷமா நம்ம நாடு எவ்வளவு கட்டுப்பாடா இருந்துச்சு, உலகம் இப்ப நம்மளப் பாத்துக்கிட்டிருக்குன்னு பேச ஆரம்பிச்சு, அதுக்கு மேல முடியாம உடைஞ்சு போயிட்டாரு. இது வதந்தி இல்ல, சபையோட அதிகாரபூர்வப் பதிவுலயே அப்படித்தான் எழுதியிருக்கு. ஆறு மாசம்கூட ஆகல, அதே டப்ளின்ல ஐரிஷ்காரனே ஐரிஷ்காரன் மேல பீரங்கி வெச்சுச் சுட்டான்.

இந்தக் கதையை ரெண்டு விதமா சொல்லுவாங்க. ஒப்பந்தத்தை ஏத்துக்கிட்டவங்க ஜனநாயகவாதிங்க, எதிர்த்தவங்க மெஜாரிட்டியை மதிக்காத பிடிவாதக்காரங்க, இது ஒண்ணு. ஏத்துக்கிட்டவங்க குடியரசை வித்துட்டாங்க, எதிர்த்தவங்கதான் கொள்கையை விடல, இது இன்னொண்ணு. ரெண்டுலயும் பாதி உண்மை இருக்கு, ஆனா ரெண்டுமே நடந்ததை ரொம்ப சுலபமாக்கிடுது. ரெண்டு பக்கமும் மக்கள் பேரைத்தான் சொன்னாங்க. ஒருத்தர் சொன்ன மக்கள் அன்னிக்கு உயிரோட இருந்த ஓட்டர்கள், இன்னொருத்தர் சொன்ன மக்கள் ஏற்கனவே குடியரசுன்னு முடிவு பண்ணிட்ட ஒரு தேசம். அந்த ரெண்டுல எது செல்லும்னு நேரா மக்கள்கிட்டயே கேட்டிருக்கலாம், அந்தக் கேள்விதான் ஒழுங்கா பேலட் பேப்பருக்கு வரவே இல்ல. என்னைக் கேட்டா மொத்த விவகாரத்தோட கோளாறும் அங்கதான்.

முன்கதை கொஞ்சம் வேணும். 1916 ஈஸ்டர் திங்கட்கிழமை டப்ளின் ஜி.பி.ஓ., அதாவது தலைமைத் தபால் நிலையம், அதோட வாசல்ல நின்னு பாட்ரிக் பியர்ஸ் குடியரசுப் பிரகடனத்தைப் படிச்சாரு. கையெழுத்துப் போட்டவங்க 7 பேரு, அவங்களை யாரும் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கல, அன்னிக்கு டப்ளின் ஜனங்கள்ல நிறைய பேருக்கு அந்தக் கிளர்ச்சி மேல எரிச்சல்தான். அப்புறம் பிரிட்டிஷ்காரங்க தலைவர்களை ஒரேயடியா இல்லாம நாள் விட்டு நாள் சுட்டுக் கொன்னாங்க பாருங்க, அதுல மனநிலை தலைகீழாச்சு. 1918 டிசம்பர் பொதுத்தேர்தல்ல அயர்லாந்துக்கு இருந்த 105 சீட்ல 73 சீட் சுதந்திரக் குடியரசு கேட்ட ஷின் ஃபெய்ன் கட்சிக்கு. ஜெயிச்சவங்க லண்டன் பார்லிமென்ட்டுக்குப் போகாம 1919 ஜனவரி 21 அன்னிக்கு டப்ளின் மேன்ஷன் ஹவுஸ்ல முதல் டாய்லா உக்காந்து, 1916-ல அறிவிச்ச குடியரசை நாங்க உறுதி பண்றோம்னு சொன்னாங்க. அதாவது துப்பாக்கியால முதல்ல அறிவிச்சதுக்கு ஓட்டால பின்னாடி முத்திரை விழுந்துச்சு. குடியரசுன்னா எங்க ஆரம்பிக்குது, 1916-லயா 1918-லயா? இதுக்கு அப்பவும் யாரும் தெளிவா பதில் சொல்லல, சொல்ல வேண்டிய அவசியமும் வரல, ஏன்னா சண்டை வெளியாளோட நடந்துக்கிட்டிருந்துச்சு.

இன்னொண்ணையும் கவனிக்கணும். ஒப்பந்தத்து மேல ஓட்டுப் போட்டது இரண்டாவது டாய்ல். அது 1921 மே மாசம் வந்தது. தெற்குல ஒரு தொகுதியிலகூட போட்டி இல்ல, 128 சீட்ல 124 ஷின் ஃபெய்னுக்குப் போட்டியில்லாம போச்சு, மிச்சம் நாலு, டிரினிட்டி காலேஜ்ங்கற பல்கலைக்கழகத்துக்குன்னு ஒதுக்கின சீட். சண்டை நடந்துக்கிட்டிருந்த நேரம், யாரு எதிர்த்து நிப்பா. குடியரசோட பரம அதிகாரம் உள்ள சபைன்னு எதிர்ப்பாளர்கள் பின்னாடி வருஷக்கணக்கா தூக்கிப் பிடிச்ச இந்தச் சபைக்குத் தெற்குல ஒரே ஒரு ஆளுகூட பூத்துக்குப் போய் ஓட்டுப் போடலங்கறதை அவங்க பேச்சுல தேடினா கிடைக்காது.

1921 ஜூலை 11 பிரிட்டனோட போர் நிறுத்தம். அக்டோபர் 11 லண்டன்ல பேச்சுவார்த்தை ஆரம்பம். டி வலேரா போகல. ஏன் போகலங்கறதுல இன்னிக்கு வரைக்கும் சண்டை ஓயல. அனுப்பினது ஆர்தர் கிரிஃபித், மைக்கேல் காலின்ஸ், ராபர்ட் பார்ட்டன், டக்கன், காவன் டஃபின்னு அஞ்சு பேரை. கையில கொடுத்த அதிகாரப் பத்திரத்துல முழு அதிகாரம்னு போட்டிருந்துச்சு, கூடவே கொடுத்த குறிப்புல கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடி வரைவை டப்ளினுக்கு அனுப்பிப் பதில் வாங்கணும்னும் போட்டிருந்துச்சு. ரெண்டையும் ஒரே ஆள் கையில கொடுத்தா என்ன ஆகும்? டிசம்பர் 5 சாயங்காலம் பிரிட்டிஷ் பிரதமர் லாயிட் ஜார்ஜ் ரெண்டு கடிதத்தை எடுத்துக் காட்டி, ஒண்ணு சமாதானம் இன்னொண்ணு போர், இன்னிக்கு ராத்திரி வடக்குக்கு எதை அனுப்பட்டும், கையெழுத்து இல்லன்னா மூணு நாள்ல போர்னு மிரட்டினாரு. போன் இருந்துச்சு, யாரும் டப்ளினுக்குப் போன் பண்ணல. டிசம்பர் 6 விடியறதுக்கு முன்னாடி, ரெண்டு மணி தாண்டி, கையெழுத்துப் போட்டாங்க.

கிடைச்சது என்ன? 26 கவுண்டிக்கு (கவுண்டின்னா மாவட்டம் மாதிரி) கனடா மாதிரி டொமினியன் அந்தஸ்து, அதாவது ராஜாவுக்குக் கீழ தன்னாட்சி, சொந்த ராணுவம், சொந்த வரி, சொந்தப் பார்லிமென்ட். கொடுத்தது மூணு. குடியரசுங்கற பேரு போச்சு. பெரஹேவன், கோவ், லாக் ஸ்வில்லி துறைமுக வசதிகள் பிரிட்டிஷ் கடற்படை கையிலயே இருக்கும். பார்லிமென்ட் உறுப்பினர் ஒவ்வொருத்தரும் முதல்ல ஐரிஷ் அரசியல் சட்டத்துக்கும், அப்புறம் ராஜா ஐந்தாம் ஜார்ஜுக்கும் அவர் வாரிசுகளுக்கும் விசுவாசமா இருப்போம்னு சத்தியம் பண்ணணும். வடக்கு ஆறு கவுண்டி வேணாம்னு ஒதுங்கிக்கலாம், எல்லையைச் சரிபார்க்க ஒரு கமிஷன் வரும்.

டிசம்பர் 8 கேபினட்ல 4-க்கு 3-னு ஒப்பந்தம் பாஸாச்சு. 14-ந்தேதி டாய்ல் விவாதம் ஆரம்பிச்சுது, நடுவுல கிறிஸ்துமஸ் லீவு, மறுபடி ஜனவரி 3-லருந்து.

இந்த விவாதம்தான் கேஸோட உயிர், இங்க கொஞ்சம் நின்னு பாக்கணும்.

பார்ட்டன் பேச்சு ஒண்ணு போதும் அந்த சபையோட இறுக்கம் புரிய. கையெழுத்துப் போட்டவரு அவரு, ஒப்பந்தத்துக்கு ஓட்டும் போட்டாரு, ஆனா பேசினது கிட்டத்தட்ட வாக்குமூலம். என் தனிப்பட்ட விருப்பம் போர்தான், அதை அங்கயே சொன்னேன், ஆனா நாட்டைக் கேக்காம நாட்டு மேல போரைக் கொண்டு வர்ற பொறுப்பை ஏத்துக்க எனக்குத் துணிச்சல் வரலன்னாரு. ஜனநாயகம்னு பெரிய வார்த்தை எதுவும் பேசாமலே அந்த ஆளு அதோட நெருக்கடியைச் சொல்லிட்டாருன்னு நெனைக்கிறேன்.

காலின்ஸ் வாதம் வேற மாதிரி. எல்லா நாடும் ஆசைப்படற கடைசி விடுதலை இது இல்ல, ஆனா அதை அடையறதுக்கான விடுதலையை இது கொடுக்குதுன்னாரு. கையில கிடைச்சதை வாங்கிக்கிட்டு ராணுவத்தையும் கஜானாவையும் வெச்சு மிச்சத்தை எடுத்துக்கலாம்ங்கற கணக்கு. கிரிஃபித் அதுக்கும் மேல போய், நாம என்ன அடுத்த தலைமுறைக்காகவும் செத்துப்போன தலைமுறைக்காகவுமே இருக்கப் போறோமா, இப்ப உயிரோட இருக்கற அயர்லாந்துன்னு ஒண்ணு கிடையாதான்னு கேட்டாரு. இது குத்தற கேள்வி, எதிர்த்தரப்போட அடிமடியிலயே கை வைக்கற கேள்வி.

ஏன்னா எதிர்த்தரப்போட பலமே இறந்தவங்கதான். டாய்ல்ல இருந்த ஆறு பெண்களும் ஒப்பந்தத்துக்கு எதிரா ஓட்டுப் போட்டாங்க. மேரி மக்ஸ்வீனி, 74 நாள் உண்ணாவிரதம் இருந்து பிரிக்ஸ்டன் ஜெயில்ல செத்துப்போன கார்க் மேயரோட அக்கா. மார்கரெட் பியர்ஸ், 1916-ல சுட்டுக் கொன்ன ரெண்டு பசங்களோட அம்மா. கேத்லீன் கிளார்க், பிரகடனத்துல முதல் கையெழுத்துப் போட்டவரோட மனைவி. கேத்லீன் ஓகாலகன், வீட்டுக்குள்ள வெச்சுச் சுடப்பட்ட லிமரிக் முன்னாள் மேயரோட மனைவி. இவங்களை, துக்கத்துல பேசறாங்க, புத்தியில இருந்து பேசலன்னு வெளிய கிண்டல் ஓடிச்சு. ஓகாலகன் சபையிலயே எழுந்து அதுக்குப் பதில் கொடுத்தாங்க, இங்க இருக்கற பெண்கள் கொள்கைக்காக ஓட்டுப் போடறாங்க, காரியம் ஆகணும்னு இல்லன்னு. மக்ஸ்வீனி கிட்டத்தட்ட மூணு மணி நேரம் பேசினாங்க. அவங்க வாதத்தைச் சுருக்கினா இதுதான்: நாங்க குடியரசுக்கு சத்தியம் பண்ணியிருக்கோம், மக்கள் எங்களை அனுப்பினது அதைக் காப்பாத்த, அதைக் கலைக்கறதுக்கு இந்தச் சபைக்கு அதிகாரமே கிடையாது. சொத்தைப் பாத்துக்கச் சொல்லி ஆளு வெச்சா அவனே வித்துட்டு வந்து மெஜாரிட்டின்னு சொல்றானேங்கற கோவம் அது.

உணர்ச்சிப் பேச்சுன்னு ஒதுக்கிடாதீங்க. சட்டம் படிச்சவங்களுக்குத் தெரியும், மெஜாரிட்டி எதையும் செய்யலாமா இல்ல சில விஷயங்கள் மெஜாரிட்டியோட கைக்கும் எட்டாம இருக்கணுமாங்கறது நிஜமான கேள்வி. ஒரு தேசம் தன்னோட சுதந்திரத்தையே ஓட்டுப் போட்டு விட்டுக்கொடுக்கலாமா? அதுவும் பக்கத்துல ஒருத்தன் பீரங்கியோட நிக்கறப்ப போடற ஓட்டு ஓட்டுத்தானா? இந்த ரெண்டாவது பாயிண்ட்டுக்கு ஒப்பந்தத் தரப்பு ஒழுங்கா பதில் சொன்ன மாதிரி எனக்குத் தெரியல, மிரட்டல் இருந்துச்சுன்னு ஒத்துக்கிட்டு, அதனாலதான் ஒத்துக்கச் சொல்றோம்னாங்க.

டி வலேராவோட நெலமைதான் சிக்கல். அவரு முழு குடியரசுன்னு பிடிவாதம் பிடிக்கல, இரண்டாம் ஆவணம்னு ஒரு மாற்றுத் திட்டம் வெச்சிருந்தாரு. உள்நாட்டு விஷயத்துல ராஜாவுக்கு எந்த இடமும் கிடையாது, காமன்வெல்த் கூட வெளியில இருந்து ஒரு உறவு, அந்தக் கூட்டோட தலைவர்னு மட்டும் ராஜாவை ஏத்துக்கறது. காலின்ஸ் ஆளுங்க இதைக் கிழிச்சுத் தொங்கவிட்டாங்க, இதுக்கும் ஒப்பந்தத்துக்கும் என்னய்யா பெரிய வித்தியாசம், இதுக்கா போர்னு. அப்புறம் ஜனவரி 6 அன்னிக்கு டி வலேரா ஒண்ணு சொன்னாரு, ஐரிஷ் மக்களுக்கு என்ன வேணும்னு தெரிஞ்சுக்கணும்னா நான் என் மனசைப் பாத்தாலே போதும்னு. அவரோட எதிரிங்க அம்பது வருஷம் இதைச் சொல்லிச் சொல்லியே அவரைக் குத்தினாங்க, குத்தினது நியாயம்தான்.

ஏன்னா அந்த கிறிஸ்துமஸ் லீவுல உறுப்பினர்கள் ஊருக்குப் போனப்ப மக்கள் மனசு வேற எங்கயோ இருந்துச்சு. கவுண்டி கவுன்சில்கள் வரிசையா ஒப்பந்தத்தை ஏத்துக்கச் சொல்லித் தீர்மானம் போட்டாங்க, பத்திரிகைகளும் பாதிரியார்களும் அதே பக்கம். லீவுக்கு முன்னாடியே ஓட்டெடுப்பு நடந்திருந்தா முடிவு வேற மாதிரி ஆகியிருக்கலாம்னு சொல்றவங்க உண்டு.

வடக்கு ஆறு கவுண்டியைத் தனியாப் பிரிக்கற பிரிவினையைப் பத்தி எவ்வளவு பேசினாங்கன்னு கேட்டா ஆச்சரியமா இருக்கும். பொது அமர்வோட அச்சுப் பதிவு 338 பக்கம், அதுல பிரிவினைக்குப் போனது 9 பக்கம்தான்னு ஆய்வாளர்கள் எண்ணிச் சொல்லியிருக்காங்க. பின்னாடி எழுபது எண்பது வருஷம் ரத்தம் சிந்த வெச்ச பிரச்சினை, அந்த சபைக்கு சத்தியப் பிரமாண வாசகத்தைவிட சின்னதாத் தெரிஞ்சிருக்கு. வடக்குப் பார்லிமென்ட்டை 1921 ஜூன்லயே ராஜா வந்து திறந்து வெச்சாச்சு, எல்லைக் கமிஷன் வந்தா சரியாயிடும்னு ரெண்டு பக்கமும் நம்பினாங்க. மக்கள், மக்கள்னு இவ்வளவு பேசின சபைக்கு, வடக்குல பிரிட்டனோடவே இருக்கணும்னு நின்ன யூனியனிஸ்ட் அந்த மக்கள்ல சேர்த்தியா இல்லையாங்கற கேள்வி தோணவே இல்ல. குடியரசுவாதத்தோட பெரிய ஓட்டை இதுதான்னு நான் சொல்லுவேன், இதுல ரெண்டு தரப்பும் கூட்டாளிங்க.

ஓட்டு முடிஞ்சு ரெண்டு நாள்ல டி வலேராவை மறுபடி தலைவராக்கற தீர்மானம் 60-க்கு 58-னு தோத்துச்சு. கிரிஃபித் வந்தாரு. ஜனவரி 16 பிரிட்டிஷ் ஆட்சியோட மையமா இருந்த டப்ளின் காசில் கை மாறிச்சு.

மார்ச் மாசம் ஓட்டுரிமைன்னு ஒரு கிளைக் கதை வருது, பெரும்பாலும் யாரும் சொல்றதில்ல. பெண்களுக்கு அப்ப 30 வயசுக்கு மேலதான் ஓட்டு. மார்ச் 2 அன்னிக்கு ஓகாலகன், வரப்போற தேர்தலுக்கு முன்னாடி 21 வயசான பெண்களையும் சேர்க்கணும்னு தீர்மானம் கொண்டு வந்தாங்க. கிரிஃபித் எதிர்த்தாரு, இது ஒப்பந்தத்தைக் கவுக்கற தந்திரம்னு. 47-க்கு 38-னு தோத்துச்சு. தந்திரம் அதுல கொஞ்சம் இருந்திருக்கலாம், ஆனா உயிரோட இருக்கற மக்கள்தான் முக்கியம்னு ரெண்டு மாசம் முன்னாடி பேசின அதே ஆளு இப்படிச் செஞ்சா என்ன சொல்றது.

எதிர்ப்பக்கம் இன்னும் மோசம். ஒப்பந்த எதிர்ப்பு ராணுவத் தரப்போட ரோரி ஓகானர்கிட்ட மார்ச் மாசம் பத்திரிகைக்காரங்க, அப்ப ராணுவ சர்வாதிகாரம் வருதான்னு கேட்டதுக்கு, அப்படி எடுத்துக்கணும்னா எடுத்துக்கங்கன்னுட்டாரு. டி வலேரா கூட்டம் கூட்டமா போய், மக்களுக்குத் தப்பு செய்யற உரிமை கிடையாதுங்கற மாதிரியும், சுதந்திரத்துக்காக ஐரிஷ் ரத்தத்துலயே நடக்க வேண்டி வரும்ங்கற மாதிரியும் பேசினாரு. எச்சரிக்கைதான் பண்ணேன், தூண்டலன்னு பின்னாடி சொன்னாரு. ஏப்ரல்ல ஓகானர் ஆளுங்க ஃபோர் கோர்ட்ஸ் கோர்ட் வளாகத்தையே பிடிச்சு உக்காந்துட்டாங்க.

சரி, மக்கள்கிட்ட கேட்டாங்களா? 1922 ஜூன் 16 தேர்தல். ஆனா மே 20 அன்னிக்கு காலின்ஸும் டி வலேராவும் ஒரு உடன்பாடு போட்டாங்க, ரெண்டு தரப்பும் இருக்கற பலத்துக்கு ஏத்த மாதிரி ஒரே பட்டியலா நிக்கறது, அப்புறம் கூட்டணி ஆட்சி. அதாவது ஒப்பந்தம் வேணுமா வேணாமாங்கற கேள்வியையே தேர்தல்ல இருந்து எடுத்துடறது. சண்டையைத் தள்ளிப்போட காலின்ஸ் பண்ணது, புரியுது, ஆனா ஓட்டருக்கு என்ன மரியாதை? தேர்தலுக்கு ரெண்டு நாள் முன்னாடி கார்க்ல அவரே, உங்களுக்கு யாரு நல்லாப் படறாங்களோ அவங்களுக்குப் போடுங்கன்னு மறைமுகமா உடன்பாட்டைக் கழட்டி விட்டாரு. புது அரசியல் சட்ட வரைவு, ராஜாவோட இடம் இருக்கா இல்லையான்னு எல்லாரும் காத்துக்கிட்டிருந்த வரைவு, பேப்பர்ல வந்தது ஓட்டுப்பதிவு அன்னிக்குக் காலையில.

ரிசல்ட் வந்துச்சு, ஒப்பந்த ஆதரவு 58, எதிர்ப்பு 36, லேபர் 17, விவசாயிகள் கட்சி 7, மத்தவங்க 10. லேபர் நிறுத்தினது 18 பேரு, ஜெயிச்சது 17. போட்ட ஓட்டைப் பாத்தா எதிர்த்தரப்புக்கும் லேபருக்கும் கிட்டத்தட்ட சமம். ஜனங்க என்ன சொன்னாங்கன்னு எனக்குப் படறது, எங்களுக்குக் கூலி, வீடு, நிலம், இதைப் பேசுங்கப்பா, ராஜா பேரைச் சொல்லி எத்தனை நாள். ஒப்பந்தத்தை ஏத்துக்கற ஆளுங்களுக்கு மொத்தத்துல பெரிய மெஜாரிட்டி, அதுல சந்தேகம் இல்ல. ஆனா இதுல ஒப்பந்த ஆதரவு எவ்வளவு, சமாதான ஆசை எவ்வளவுன்னு பிரிக்க முடியாது, உடன்பாடு போட்டவங்க அதைப் பிரிக்க முடியாம பண்ணிட்டாங்க.

ஜூன் 22 லண்டன்ல ஃபீல்டு மார்ஷல் ஹென்றி வில்சனைச் சுட்டுக் கொன்னாங்க, ஃபோர் கோர்ட்ஸ்ல இருக்கறவங்களை அடக்குங்கன்னு லண்டன்ல இருந்து நெருக்கடி. 28 காலையில அரசு, பிரிட்டிஷ்காரங்ககிட்ட வாங்கின பீரங்கியால ஃபோர் கோர்ட்ஸை அடிக்க ஆரம்பிச்சுது. முப்பதாம் தேதி வெடிச்சதுல பொது ஆவணக் காப்பகம் போச்சு, நூற்றாண்டுக் கணக்குல இருந்த பதிவுகள் எரிஞ்சு காகிதத் துண்டா டப்ளின் தெருவெல்லாம் பறந்துச்சு. புதுசா ஜெயிச்ச டாய்ல் ஜூலை தொடக்கத்துல கூடியிருக்கணும், தள்ளித் தள்ளி செப்டம்பர் 9-தான் கூடுச்சு. ஜனநாயகத்தைக் காப்பாத்தறோம்னு சொன்ன அரசு, சபையோட ஒப்புதல் இல்லாமலே ரெண்டு மாசத்துக்கு மேல உள்நாட்டுப் போர் நடத்திச்சு. அதுக்குள்ள கிரிஃபித் ஆகஸ்ட் 12 இறந்துட்டாரு, காலின்ஸை 22-ந்தேதி பேல் ந பிளாவுல சுட்டுட்டாங்க.

டிசம்பர் 7 டாய்ல் உறுப்பினர் ஷான் ஹேல்ஸைத் தெருவுல கொன்னாங்க. மறுநாள் காலையில அரசு பழிக்குப் பழியா நாலு பேரைச் சுட்டுச்சு, ரோரி ஓகானர், லியம் மெலோஸ், மக்கெல்வி, பாரெட். நாலு பேரும் ஜூன் கடைசியில இருந்து ஜெயில்ல இருந்தவங்க, மரண தண்டனைக்கு வழி பண்ண தீர்மானம் வந்ததே செப்டம்பர்ல, விசாரணைன்னு ஒண்ணு நடக்கவே இல்ல. உத்தரவு போட்ட கேபினட்ல இருந்த கெவின் ஓஹிக்கின்ஸ் கல்யாணத்துல ஒரு வருஷம் முன்னாடி மாப்பிள்ளைத் தோழனா நின்னவரு ஓகானர். அதிகாரபூர்வமா சுட்டுக் கொன்னது பொதுவா 77-ன்னு கணக்கு சொல்லுவாங்க. சட்டத்தோட ஆட்சிக்காகப் போராடினவங்கன்னு இவங்களுக்கு முழு மார்க் போடறவங்க டிசம்பர் 8-ஐ எங்க வெப்பாங்கன்னு தெரியல.

1923 மே 24 எதிர்த்தரப்பு ஆயுதத்தைப் புதைச்சு வெச்சுட்டுக் கலைஞ்சுது. சரணடையவும் இல்ல, ஒப்படைக்கவும் இல்ல.

அப்புறம் நடந்ததுதான் காலின்ஸ் கணக்கைச் சோதிச்சுப் பாக்குது. டி வலேரா 1926-ல ஃபியனா ஃபாயில் கட்சி ஆரம்பிச்சாரு. 1927 ஜூலைல ஓஹிக்கின்ஸைக் கொன்னதும், சத்தியம் பண்ண மாட்டேன்னா தேர்தல்லயே நிக்க முடியாதுன்னு மசோதா வந்துச்சு. ஆகஸ்ட்ல டி வலேரா உள்ள போனாரு, பைபிளை ஒதுக்கி வெச்சுட்டு, நான் சத்தியம் எதுவும் பண்ணல, வெறும் சம்பிரதாயம்தான்னு சொல்லிக் கையெழுத்துப் போட்டாரு. 1922-ல இத்தனை பேரு சாகறதுக்கு முன்னாடி தோணாத யோசனை. 1932 மார்ச்ல தேர்தல்ல ஜெயிச்சு ஆட்சிக்கு வந்தாரு. பத்து வருஷம் முன்னாடி டி வலேரா பக்கத்து ஆளுங்களைச் சுட்ட, ஒப்பந்தத் தரப்பான கோஸ்கிரேவ் அரசு, ராணுவமும் போலீஸும் கையில இருந்தும், பேசாம எழுந்து போச்சு. ஜனநாயகத் தரப்புன்னு அவங்களுக்குப் பட்டம் கொடுக்கணும்னா 1922-க்கு இல்ல, இதுக்குக் கொடுக்கலாம்.

1933-ல சத்தியப் பிரமாணத்தைத் தூக்கினாரு, 1937-ல புது அரசியல் சட்டம் மக்கள் வாக்கெடுப்புல வந்துச்சு, 1938-ல துறைமுகங்கள் திரும்பி வந்துச்சு. ஒப்பந்தம் ஒரு படிக்கட்டுன்னு காலின்ஸ் சொன்னதை நிரூபிச்சது அதை எதிர்த்த டி வலேரா. குடியரசுன்னு சட்டப்படி அறிவிச்சது ஒப்பந்தத் தரப்போட வாரிசான காஸ்டெல்லோ அரசு, 1949 ஏப்ரல் 18 நடைமுறைக்கு வந்துச்சு, அன்னிக்கும் ஈஸ்டர் திங்கட்கிழமை. காமன்வெல்த்தை விட்டும் அயர்லாந்து வெளிய வந்துடுச்சு. சரியா பத்து நாள் கழிச்சு, ஏப்ரல் 28, லண்டன் பிரகடனத்துல இந்தியா குடியரசா இருந்துக்கிட்டே காமன்வெல்த்துல இருக்கலாம், ராஜா அந்தக் கூட்டோட தலைவர்னு ஒரு அடையாளம் மட்டும்தான்னு ஒத்துக்கிட்டாங்க. 1921-ல சிரிச்சுத் தள்ளின இரண்டாம் ஆவணத்தோட வாசனை இதுல நல்லாவே அடிக்குது. நம்ம அரசியல் சட்டத்துல வழிகாட்டு நெறிகள்ங்கற பகுதி 1937 ஐரிஷ் சட்டத்துல இருந்து வந்ததுங்கறது போட்டித் தேர்வு எழுதறவங்களுக்கு மனப்பாடம், இந்த காமன்வெல்த் தொடர்பு அவ்வளவா யாருக்கும் தெரியறதில்ல.

மக்ஸ்வீனி பக்கத்து வாதம் மட்டும் சாகல. இரண்டாவது டாய்ல்தான் கடைசி சட்டபூர்வ சபைன்னு நம்பின மிச்ச உறுப்பினர்கள், அவங்க உட்பட ஏழு பேரு, 1938 டிசம்பர்ல அந்த அதிகாரத்தைக் குடியரசுவாத ஆயுதப் படையான ஐ.ஆர்.ஏ.வோட ராணுவக் குழுகிட்ட எழுதிக் கொடுத்தாங்க. அதுல ஒருத்தர் டாம் மகுவயர், கையெழுத்துப் போட்டவங்கள்ல கடைசியா உயிரோட இருந்தவரு, 1969-ல ஐ.ஆர்.ஏ.ல பிளவு வந்தப்ப புரொவிஷனல்ங்கற தரப்புதான் வாரிசுன்னு அறிவிச்சாரு, அவங்க 1986-ல டாய்ல்ல உக்காரலாம்னு முடிவு பண்ணதும் அவங்களை விட்டுட்டு வேற அணிக்கு அதே சான்றிதழைக் கொடுத்தாரு. 1921-ல தெற்குல யாரும் ஓட்டே போடாம வந்த ஒரு சபையோட பேர்ல அறுபது வருஷத்துக்கு மேல சிலர் துப்பாக்கி தூக்க நியாயம் வெச்சிருந்தாங்க.

தீவோட எதிர்காலத்தைப் பத்தி தீவு முழுக்க ஒரே நாள்ல மக்கள்கிட்ட கேட்டது 1918-க்கு அப்புறம் 1998 மே 22-தான், வடக்குல நடந்த சண்டையை முடிக்கப் போட்ட பெல்ஃபாஸ்ட் உடன்படிக்கைக்கு. வடக்குல 71 சதவீதம் ஆமான்னாங்க. தெற்குல ஆமான்னு சொன்னது 94 சதவீதம், அங்க பேலட்ல இருந்தது, வடக்கு எங்க நிலம்னு 1937 சட்டத்துல டி வலேரா எழுதி வெச்ச உரிமையை விட்டுக்கொடுத்து, வடக்குல இருக்கற மெஜாரிட்டி சம்மதிச்சாதான் ஐக்கியம்னு மாத்தற திருத்தம். வடக்குல இருக்கற யூனியனிஸ்ட்டும் மக்கள்தாங்கற, 1921 டிசம்பர்ல அந்த சபைக்குத் தோணாத விஷயம், இப்படித்தான் சட்டத்துக்குள்ள வந்துச்சு.